டோலியில் வந்த ஓட்டு

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் எங்கள் நிலையத்தின் செய்திப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு போன் வரும். யார் யார் நிற்கிறார்கள், எந்த ஊரில் என்ன பிரச்சினை என்று விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நீங்கள் நினைத்தால், அரசு வானொலியோடு உங்களுக்குப் பழக்கமில்லை என்று அர்த்தம். "மேடம், இந்தத் தடவையும் குதிரைச் சத்தம் கிடைக்குமில்ல?" என்பதுதான் செய்தி ஆசிரியரின் கேள்வி.

குரங்கணிக்கு மேலே ஜீப்பு ஏறாத குடியிருப்புகள் சில இருக்கின்றன. காப்பியும் ஏலக்காயும் விளைகிற சரிவுகள். அங்கே இருக்கும் வாக்குச்சாவடிகளுக்கு ஓட்டு மெஷினைக் குதிரை முதுகில் கட்டித்தான் ஏற்ற முடியும். பாறைமேல் லாடம் படுகிற சத்தத்தைப் பதிவு செய்து நான் அனுப்பினால், அதன்மேல் ஒரு கம்பீரமான குரல் ஏறி, கரடுமுரடான மலைப்பாதையையும் பொருட்படுத்தாமல் ஜனநாயகம் பயணிக்கிறது என்று வாசிக்கும். தேர்தலுக்குத் தேர்தல் இதே வாசகம்தான். அந்த மக்கள் ரோடு கேட்டு எத்தனை காலமாக அலைகிறார்கள் என்று நானும் ஒவ்வொரு தடவையும் கூடவே எழுதி அனுப்புவேன். குதிரை ஒலிபரப்பாகும், ரோடு ஒலிபரப்பாகாது.

நான் போடிநாயக்கனூர்ப் பகுதிக்குப் பகுதிநேரச் செய்தியாளர். பிறந்தது சிலமலை, வாழ்க்கைப்பட்டது போடி. நகராட்சிக் கூட்டம், ஏலக்காய் விலை, மந்திரி வருகை, மழை, மறியல் எல்லாம் என் பொறுப்பு. நான் போனில் சொல்வதை அங்கே ஒருவர் எழுதிக்கொள்வார், இன்னொருவர் திருத்துவார், மூன்றாவது ஆள் வாசிப்பார். கூட்டத்தில் நாற்காலி பறந்தது என்று நான் சொன்னால் காரசாரமான விவாதம் நடைபெற்றது என்று வரும். குடத்தோடு பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்று சொன்னால், குடிநீர் விநியோகம் சீராகும் என அதிகாரிகள் உறுதி அளித்தனர் என்று வரும். பொட்டிபுரத்துக்காரர்கள் தங்கள் மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் கட்டப்போவதைப் பற்றிக் கேட்ட கேள்விகளை வரிசையாகச் சொன்னால், கேள்விகள் போய் ஓர் அதிகாரியின் பதில் மட்டும் மிஞ்சும். கேள்வியே இல்லாமல் பதிலைக் கேட்டுப் பழகிய நேயர்கள் எங்கள் நேயர்கள்.

ரேடியோவை இப்போது யார் கேட்கிறார்கள் என்று டவுனில் சிலர் என்னிடம் நக்கலாகக் கேட்பதுண்டு. விடியுமுன் போடியிலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு மலை ஏறுகிற ஜீப்புகளில் போய் உட்கார்ந்து பாருங்கள் என்பேன். டிரைவர்கள் இன்னும் ரேடியோ வைத்திருக்கிறார்கள். போன் சிக்னல் செத்துப்போகிற வளைவுகளில்கூட ரேடியோ பேசிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பெண்கள் கேட்கிறார்கள் என்பதால்தான் எனக்கு இந்த வேலையை விட மனசில்லை. அந்தப் பெண்களுக்குப் போய் இதைக் கொடுக்கிறோமே என்பதால்தான் வயிறும் எரிகிறது.

நான் சொல்லவந்தது ஒரு தேர்தலைப் பற்றி. குரங்கணிக்கு மேலே இருக்கிற ஒரு குடியிருப்பில், அந்தத் தடவை யாரும் ஓட்டுப் போடப் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். எல்லார் வீட்டு வாசலிலும் கறுப்புத் துணி கட்டியிருந்தது. ரோடு வந்தால்தான் ஓட்டு. மேலே யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து, ஜீப்பு நிற்கிற இடம்வரை சுமந்து இறக்க வேண்டும். டோலி என்று அதைச் சொல்வார்கள். அந்த டோலியில் இறங்கி உயிரோடு திரும்பி வராதவர்கள் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு.

புறக்கணிப்பைச் செய்தியாகச் சொன்னேன், வரவில்லை. ஆனால் அடுத்த வாரமே அந்தப் பக்கத்துச் சாவடிகளுக்குப் பொறுப்பான தேர்தல் அதிகாரி மலை ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். வெள்ளைச் சட்டை, மெல்லிய பேச்சு, கோபமே வராத முகம். எனக்குக் கோபக்காரர்களைப் பிடிக்கும். கோபப்படுகிறவனிடம் ஒரு உண்மையாவது தவறி விழும். இந்த மாதிரி இனிப்பாகப் பேசுகிறவர்களிடம் எதுவும் விழாது.

"நீங்க ஓட்டுப் போடலைன்னா யாருக்கு நட்டம்? கோரிக்கை வைக்கிற ஊரு, தன்னோட கடமையைச் செஞ்சுட்டுல்ல கேக்கணும்?" என்று ஆரம்பித்தார். "உங்க சாவடில நூறு சதவீதம் போட்டுக் காட்டுங்க. ஒரு ஓட்டு விடாம. மாவட்டத்துலயே இந்த ஊருதான் மொதல்னு பேப்பர்ல வரும், ரேடியோவுல வரும். அதை வச்சு மேலிடத்துல நானே பேசி ரோட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்றேன். இந்தா, ரேடியோ மேடம் சாட்சி."

என்னைக் கேட்காமலேயே என்னைச் சாட்சியாக்கினார். ஜனங்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஓட்டுக்கும் ரோட்டுக்கும் சம்பந்தமே இல்ல, நூறு போட்டாலும் போடலைன்னாலும் ரோடு தர்றது அரசாங்கத்தோட கடமை" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "மேடம் சட்டம் பேசுறாங்க, நான் காரியம் பேசுறேன்" என்றார்.

ஊர்க்காரர்கள் அவரைத்தான் நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏலத்தோட்டத்தில் பழம் எடுக்கிறவர்கள் அவர்கள். கூடை நிறைந்தால் கூலி நிறையும், அரைக் கூடைக்கு ஏச்சு கேட்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த உலகம். அந்தத் தோட்டத்துக் கணக்கை அரசாங்கத்துக்கும் போட்டுவிட்டார்கள். ஓட்டுக் கூடையை முழுசாக நிறைத்து எடைக்கு வைத்தால் ரோடு அளந்து கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். மறுநாளே கறுப்புத் துணிகளை அவிழ்த்துவிட்டார்கள்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் குதிரைகளோடு நானும் ஏறினேன். ஆசிரியர் கேட்ட சத்தத்தை நான்கு இடத்தில் நின்று பதிவு செய்தேன். சாவடி, அங்கிருந்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். இரவு அங்கேயே ஒரு வீட்டில் படுத்துக்கொண்டேன். காலையில் வெளிச்சம் வரும்போதே ஊர் குளித்து முழுகிப் புதுத்துணி உடுத்திக்கொண்டிருந்தது. ஓட்டுப் போடுவதற்கு இவ்வளவு ஆசையாகக் கிளம்பிய ஜனங்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அப்போதுதான் ஓடைப்பக்கமிருந்து கத்தல் கேட்டது. முப்பதைத் தாண்டியிருக்கும் ஒரு பெண், குளிப்பதற்குத் தண்ணீர் எடுக்கப் போனவள், பாசிப் பாறையில் வழுக்கிக் கீழே விழுந்திருந்தாள். நாலு பேர் தூக்கிவந்து பள்ளிக்கூட வாசலில் கிடத்தினார்கள். வலதுகால் முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை, திரும்பிக் கிடந்தது. புருசன் தலைமாட்டில் உட்கார்ந்து அவளுடைய முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். யாரோ இரண்டு கட்டைகளை வைத்துக் காலைக் கட்டினார்கள். டோலிக்குக் கம்பும் கம்பளியும் வந்துவிட்டன. தோள் கொடுக்க ஆண்கள் தயாராக நின்றார்கள். இவ்வளவு வேகமாக எல்லாம் நடந்தது. அப்படியே விட்டிருந்தால் உச்சிப்பொழுதுக்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாள்.

முந்தின நாளே எங்களோடு மேலே வந்திருந்த அந்த அதிகாரி குனிந்து பார்த்தார். நிஜமாகவே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. பிறகு மெல்லச் சொன்னார்: "ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு. மொத ஓட்டு இவங்களோடதா இருக்கட்டும். போட்ட உடனே எறக்கிரலாம். கீழ போயிட்டா இனிமே மேல வந்து போட முடியாது பாருங்க. ஒரு ஓட்டுல ஊரோட நூறு போயிரும்."

எல்லாரும் புருசனைப் பார்த்தார்கள். புருசன் மனைவியைப் பார்த்தார். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள், "கொஞ்ச நேரந்தான, போட்டுட்டே போறேன்" என்றாள்.

சரி, கொஞ்ச நேரம்தானே என்று நானும் சும்மா நின்றேன். ஓட்டுப்பதிவுக்கு முன்னால் கட்சி முகவர்கள் கண்முன்னே மெஷினை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்குப் பார்த்து மெஷின் வேலை செய்யவில்லை. பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியவில்லை. கழற்றினார்கள், மாட்டினார்கள், வெயிலில் வைத்தார்கள், ஒருவர் தட்டிக்கூடப் பார்த்தார். கடைசியில் வயர்லெஸ்ஸில் கீழே தகவல் போனது. மாற்று மெஷின் குரங்கணியில் இருக்கிறது, குதிரையில் ஏற்ற வேண்டும்.

அதற்குப் பிறகும் அவளை இறக்கவில்லை என்பதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. ஒருவரும் மத்தியானம்வரை இவள் கிடக்கட்டும் என்று முடிவெடுக்கவில்லை. குதிரை கிளம்பிவிட்டது என்றார்கள். பாதி தூரம் வந்துவிட்டது என்றார்கள். பாலத்தைத் தாண்டிவிட்டது, இனிமேல் இறக்குவானேன், எதிரில் குறுகலான பாதையில் குதிரையும் டோலியும் மாட்டிக்கொள்ளும் என்றார்கள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய நேரத்தைக் கிள்ளி எடுத்தார்கள். கிள்ளியவர்கள் எல்லாருமே நல்லவர்கள். ஒருத்தி வெந்நீர் கொண்டுவந்தாள், ஒருத்தர் குடை பிடித்தார், அதிகாரி தன் பையிலிருந்து வலி மாத்திரை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு பெரிய கட்சிகளின் முகவர்களும் அங்கே இருந்தார்கள். போடியில் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காத ஆட்கள். மேலே வந்ததும் ஒரே பொட்டலத்தில் எலுமிச்சைச் சோறு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இவளை இப்போது கீழே இறக்கக் கூடாது என்பதுதான். அவள் ஓட்டு தன் கட்சிக்கு என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பாதம் முதலில் வெளுத்தது. பிறகு விரல் நுனிகள் நீலம் பாரிக்க ஆரம்பித்தன. தொட்டுப் பார்த்தேன், ஓடைக்கல் மாதிரி சில்லென்று இருந்தது. "வெரலை அசைச்சுப் பாரேன்" என்றேன். "அசைக்கிறேன்க்கா" என்றாள். எதுவும் அசையவில்லை.

எழுந்துபோய் அதிகாரியிடம் சத்தம் போட்டேன். "அந்தக் காலைப் பாருங்க. ரத்தம் ஓடலை. இப்பவே எறக்கலைன்னா கால் போயிரும்."

"மேடம், நான் யாரையும் கட்டாயப்படுத்தலையே" என்றார், அதே மெல்லிய குரலில். "இது ஊர் மக்களோட முடிவு. அவங்களே விருப்பப்பட்டு இருக்காங்க. நீங்க அரசாங்க ரேடியோ. நீங்களே ஒரு வாக்காளரை ஓட்டுப் போடாம அனுப்பச் சொன்னீங்கன்னா அது எப்படி இருக்கும்னு யோசிங்க."

புருசனிடம் போனேன். "ரோடு அப்புறம் பாத்துக்கலாம்ப்பா, இவளைத் தூக்குங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "யக்கா, இவ ஒருத்திக்காக ஊருக்கே வர்ற ரோட்டக் கெடுத்தேன்னு நாளைக்கு எம்மூஞ்சில முழிப்பாகளா? ரோடு வந்துட்டா இந்த மாதிரி யாரும் கெடக்க வேணாம்ல. குதிரை வந்துருச்சுங்கறாக. இந்தா இப்ப ஆயிரும்."

குதிரை வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கியிருந்தது. மறுபடியும் மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள், மறுபடியும் கையெழுத்து, மறுபடியும் அரக்கு முத்திரை. அதில் எதையும் குறைக்க முடியாதாம், சட்டமாம். பிறகு அவளை டோலியோடு உள்ளே தூக்கிப் போனார்கள். மை வைத்தார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் டோலியைச் சாய்த்துப் பிடித்தார்கள். அவளுக்குக் கை தூக்கவே தெம்பில்லை. பீப் என்று சத்தம் வந்ததும் வெளியே நின்ற ஜனங்கள் கை தட்டினார்கள். அதிகாரி அவளுடைய விரலை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லித் தன் போனில் படம் எடுத்தார். படத்தில் கால் விழாதபடி கொஞ்சம் மேலே தூக்கி எடுத்தார். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

டோலி இறங்கியது. புருசனும் சுமக்கிறவர்களும் தங்கள் ஓட்டைப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். நானும் அவர்களோடு இறங்கினேன். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் முனகுவாள். அந்த முனகலும் பாதி வழியில் நின்றுவிட்டது.

குரங்கணிக்கு வந்து அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது போனில் சிக்னல் வந்தது. செய்திப் பிரிவைக் கூப்பிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். விடியற்காலையில் விழுந்தவள், ஓட்டுக்காக மத்தியானம் தாண்டும்வரை கிடத்தப்பட்டாள், கால் நீலம் பாய்ந்திருக்கிறது, பொறுப்பதிகாரியிடம் சொல்லியும் பயனில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆசிரியர் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். "டோலியிலயே வந்து போட்டாங்களா? பிரமாதம் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஜீப்பு போடியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் குறுக்குவாட்டில் அவளைப் படுக்க வைத்திருந்தோம். தலை புருசன் மடியில், கால் என் மடியில். டிரைவர் ரேடியோவைத் திருப்பினார். மாலை மாநிலச் செய்தி. ஓட்டுப்பதிவு அமைதியாக நடந்தது, அங்கங்கே மெஷின் கோளாறு உடனுக்குடன் சரிசெய்யப்பட்டது என்று வாசித்துக்கொண்டே வந்த குரல், ஓரிடத்தில் குழைந்தது. தேனி மாவட்ட மலைக்கிராமம் ஒன்றில், காலில் காயமடைந்த நிலையிலும் டோலியில் வந்து முதல் ஆளாக உற்சாகத்தோடு வாக்களித்த பெண்ணின் கடமையுணர்வு அனைவரையும் நெகிழச் செய்தது. அந்தச் சாவடியில் நூறு சதவீத வாக்குப்பதிவு.

"ஏப்புள்ள, ஒன்னயத்தான் சொல்றாக" என்று புருசன் அவளுடைய கன்னத்தைத் தட்டினார். "ரேடியோவுல ஒன்னயச் சொல்றாக."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "ரோட்டப் பத்திச் சொன்னாகளா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் எதையோ புரிந்துகொண்டவர் மாதிரி ரேடியோவை அணைத்தார்.

போடியில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ரத்தக்குழாய் அடைபட்டு நேரமாகிவிட்டது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று ஒரு பெண் டாக்டர் புருசனைத் திட்டினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வந்த வாரத்திலேயே முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். சரிவில் நின்று, செடிக்குச் செடி குனிந்து, நாள் முழுக்க ஏலப்பழம் எடுக்கிற பெண்ணுக்கு ஒற்றைக் கால்.

ஆசிரியரை மறுபடி கூப்பிட்டேன். கால் போன செய்தியாவது வர வேண்டும் என்றேன். "ஓட்டு எண்ணிக்கை முடியட்டும் மேடம். இப்பச் சொன்னா தேர்தலைக் கொச்சைப்படுத்துற மாதிரி ஆயிரும்" என்றார். எண்ணிக்கை முடிந்து கூப்பிட்டேன். "அது பழைய செய்தி ஆயிருச்சே" என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். இந்த மனிதரும் கெட்டவர் இல்லை, வீட்டு விசேஷத்துக்கெல்லாம் மறக்காமல் கூப்பிடுகிறவர்தான். நல்லவர்கள் எல்லாரும் சேர்ந்து இப்படிச் செய்யும்போது யாரைப் போய்ச் சட்டையைப் பிடிப்பது என்று தெரியாமல் போனை வைத்தேன்.

ஜெயித்தவர் நன்றி சொல்லக் குரங்கணிவரை வந்தார். மேலே ஏறவில்லை, ரோடு இல்லையே. ரோட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, அது காட்டு நிலம், அனுமதி வர வேண்டும் என்றார். அந்த அதிகாரியைத் தேடிப் போனேன். அவருக்கு வேறு இடத்துக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. சாவடியில் நூறு சதவீதம் கொண்டுவந்ததற்காக ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்திருந்தார்களாம்.

இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்து தொலைத்திருப்பேன். அடுத்த வாக்காளர் தினத்துக்கு மாவட்ட அளவில் ஒரு விழா வைத்தார்கள். அவளைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு அவள் படம். அதிகாரி எடுத்த அதே படம்தான்: இடுப்புவரை, நிமிர்ந்த விரல். நடக்க முடியாத நிலையிலும் இவர் வாக்களித்தார், நீங்கள்? என்று கீழே எழுதியிருந்தது. படத்துக்குக் கீழே ஊன்றுகோலோடு அவளும் நின்றுகொண்டிருந்தாள். வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

மேடைக்கு ஐந்தாறு படி. இரண்டு போலீஸ்காரர்கள் அக்குளில் கை கொடுத்து அவளைத் தூக்கினார்கள். சால்வை போர்த்தினார்கள். ஒருவர் பேசும்போது அவளை மலைமகள் என்றார், இன்னொருவர் ஜனநாயகத்தின் தாய் என்றார். வாய் கூசவில்லை ஒருத்தருக்கும். கால் எப்போது, எப்படிப் போனது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. பிறவியிலேயே இல்லாதது மாதிரிப் பேசினார்கள்.

எனக்கு இட்ட வேலை, அவளிடம் அரை நிமிஷம் பேட்டி எடுப்பது. மைக்கை நீட்டினேன். விழா ஏற்பாட்டுக்காரர் ஒருவர் பின்னால் நின்று, "நான் வாக்களித்ததில் பெருமைப்படுகிறேன்னு சொல்லும்மா" என்று எடுத்துக் கொடுத்தார். அவளும் அதைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அதற்குள் யாரையோ வரவேற்க ஓடிவிட்டார்.

"யக்கா, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்" என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. "அன்னைக்கு ஓடைல விழுகும்போது காலு ஒடையாம, இந்தக் கையி ஒடைஞ்சிருந்தா? வெரலு எந்திரிக்காம போயிருந்தா? விடிஞ்சதுமே என்னையக் கீழ எறக்கிருப்பாகளாக்கா?"

மைக்கை இறக்கினேன். அவளுடைய புருசன் மேடைக்குப் பின்பக்கமிருந்து வந்தார். அவள் கேட்டது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சால்வையை அவள் தோளிலிருந்து எடுத்து நாலாக மடித்து நாற்காலியில் வைத்தார். ஊன்றுகோலை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"கையி ஒடைஞ்சிருந்தா காலு வெரல்ல மை வச்சிருப்பாக" என்றார். "வா, வெரசா. பஸ்சு போயிரும்."